சியர்லீடிங்கா, கயிறு கட்டிச் சுவர் ஏறுவதா: பிள்ளைக்கு எதில் ஆபத்து குறைவு?

எங்கள் வீட்டில் இந்த முடிவை எடுத்தாயிற்று, மகள் சுவர் ஏறப் போய்க்கொண்டிருக்கிறாள். அதனால் நான் நடுவில் நின்று எழுதப் போவதில்லை. ஆனால் முடிவெடுப்பதற்கு முன்னால் கைக்கு எட்டிய ஆய்வுகளை உட்கார்ந்து படித்தேன், இரண்டு பயிற்சிக் கூடங்களிலும் ஓரமாக நின்று பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தேன். உடம்பு வலுவாகும், தோழிகள் கிடைப்பார்கள், தன்னம்பிக்கை வரும் என்பதெல்லாம் இரண்டுக்கும் பொது, அதைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. அடிபடுவது பற்றி மட்டும்.

முதலில் ஒன்று. "சாகச விளையாட்டு ஆபத்து, சியர்லீடிங் சும்மா ஆட்டம்" என்று பொதுவாகப் பேசுவதில் அர்த்தமே இல்லை. நான் சொல்லும் சியர்லீடிங், குழுவாக ஆடிக் குதித்து ஒருத்தியை மேலே தூக்கிப் பிடிக்கும் விளையாட்டு. சாகச விளையாட்டு என்ற பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத விஷயங்கள் கிடக்கின்றன. மலைச்சரிவில் சைக்கிளை விடும் டவுன்ஹில் மவுண்டன் பைக்கிங்கில் 1,000 மணி நேரத்துக்கு 16.8 காயங்கள் என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதே ஆண்டு ஷோஃப்ல் என்ற ஜெர்மன் மருத்துவரின் குழு ஒரு உள்ளரங்கச் சுவரில் ஐந்து ஆண்டுகளில் நடந்த 5,15,337 வருகைகளைக் கணக்கெடுத்தது. கிடைத்தவை 30 காயங்கள், அதாவது 1,000 மணி நேரத்துக்கு 0.02. இரண்டு ஆய்வும் எதைக் காயம் என்று எடுத்துக்கொண்டன என்பதில் வித்தியாசம் உண்டு, சின்னச் சிராய்ப்பை ஷோஃப்ல் குழு சேர்க்கவில்லை. அதனால் ஒன்றை மற்றொன்றால் வகுத்து "இத்தனை மடங்கு" என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துவிட்டு, அந்தப் பெயருக்குப் பயப்படுவது சரியில்லை என்பது மட்டும் நிச்சயம்.

சியர்லீடிங்கின் கணக்கு இன்னும் குழப்பமானது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 2009-10 முதல் 2013-14 வரை திரட்டிய விவரங்களை வைத்து 2016இல் ஒரு ஆய்வு வந்தது. ஒரு மாணவி ஒரு முறை பயிற்சிக்கோ போட்டிக்கோ போவதை ஒன்று என்று எண்ணினால், 1,000 முறைக்கு 0.71 காயம். 22 விளையாட்டுகளில் 18ஆவது இடம். இதை மட்டும் படித்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடலாம் என்று தோன்றும். அதே ஆய்வின் அடுத்த பகுதிதான் என்னை நிறுத்தியது. அடிபட்டால் மூன்று வாரத்துக்கு மேல் உட்கார வேண்டியிருப்பது, அல்லது அந்தப் பருவம் முழுவதும் விளையாட முடியாமல் போவது, இந்த விகிதத்தில் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு அடுத்த இடம் சியர்லீடிங்குக்கு. காயங்களில் 31.1 சதவீதம் கன்கஷன், அதாவது தலையில் அடிபட்டு மூளை அதிர்வது. பாதிக்கு மேல், 53.2 சதவீதம், ஸ்டண்ட் செய்யும்போது, அதாவது ஒருத்தியை மற்றவர்கள் தூக்கிப் பிடிக்கும்போது நடந்தவை. அடிக்கடி படுவதில்லை, பட்டால் பெரிதாகப் படுகிறது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் வெளியிட்ட அறிக்கையில் இன்னும் கலங்கடிக்கும் ஒரு எண் இருக்கிறது: 1982இலிருந்து உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் விளையாட்டில் உயிருக்கோ முதுகெலும்புக்கோ மூளைக்கோ பெரும் சேதம் விளைவித்த நேரடி விபத்துகளில் 65 சதவீதம் சியர்லீடிங்கில். பலரும் இந்த ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பயமுறுத்துகிறார்கள், அது நியாயமில்லை. ஆடும் பிள்ளைகள் ஏராளம், பல குழுக்கள் ஆண்டு முழுவதும் பயிற்சி செய்கின்றன, மொத்த விபத்துகளில் இது பங்குதானே தவிர ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு அல்ல. தவிர, நிலைமை அப்படியே நிற்கவும் இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு பெண்ணை மேலே வீசிப் பிடிக்கும் பாஸ்கெட் டாஸைக் கூடைப்பந்துத் தரை மாதிரிக் கடினமான இடங்களில் செய்யக்கூடாது என்று 2006-07இல் கல்லூரி அளவில் விதி வந்தது, அதற்குப் பிறகு அந்த வகை விபத்துகள் குறைந்தன. விதி போட்டால் குறைகிறது என்றால் இது கட்டுப்படுத்தக்கூடிய ஆபத்துதான். சியர்லீடிங் பக்கம் நான் மனதாரச் சொல்லக்கூடிய பெரிய நல்ல விஷயம் இது.

சரி, அப்படியிருந்தும் ஏன் சுவர் பக்கம் போனோம்? எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது ஒரே கேள்வி: பிள்ளை விழுந்தால் அதைத் தடுப்பது எது, அது சரியாக இருக்கிறதா என்று விழுவதற்கு முன்னால் என்னால் பார்க்க முடியுமா?

சியர்லீடிங்கில் ஸ்டண்ட் என்றால், இரண்டு பேர் கீழே பேஸாக நிற்கிறார்கள், பின்னால் விழுந்தால் பிடிக்க ஒருத்தி ஸ்பாட்டர், மேலே ஃப்ளையர். கைகளை முழுசாக நீட்டித் தூக்கினால் ஃப்ளையரின் தலை தரையிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் போய்விடும். அங்கிருந்து அவள் சாய்ந்தால் தடுப்பது இன்னும் மூன்று பிள்ளைகளின் கைகள். அந்தக் கைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுடையவை. அவர்களுக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்கலாம், பரீட்சைக் கவலை இருக்கலாம், உள்ளங்கை வியர்த்திருக்கலாம். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வகுப்பில் ஒரு பேஸ் வரவில்லை. பக்கத்துக் குழுவிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அந்த இடத்தில் நிறுத்தினார்கள். உயரமும் வித்தியாசம், ஒன்று, இரண்டு என்று எண்ணும்போது எந்த எண்ணில் தூக்க வேண்டும் என்பதும் அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. முதல் தடவை இடது பக்கம் அரை நொடி தாமதமாகப் போனது, ஃப்ளையரின் முழங்கால் மடங்கியது, ஸ்பாட்டர் இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டாள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோச் மேல் குறை சொல்லவும் இல்லை, உடனே உயரத்தைக் குறைத்து இடுப்பளவிலேயே செய்யச் சொன்னார். ஆனால் அந்த அரை நொடியைப் பெற்றோராக நான் எந்தச் சோதனையாலும் முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. மேலே இருப்பவளுக்குத்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். கீழே இருப்பவர்கள் பிடிக்கும்போது முழங்கை மூக்கில் படுகிறது, மணிக்கட்டு திரும்புகிறது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது. உங்கள் மகள் பேஸ்தானே என்று நிம்மதியாக இருக்க முடியாது.

சுவரில் டாப் ரோப் முறையில், அதாவது கயிறு உச்சியில் மாட்டியிருக்க ஏறும்போது, விழுவதைத் தடுப்பது ஹார்னஸ் என்ற இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை, முடிச்சு, கயிறு, கீழே பிலே பிடிப்பவரின், அதாவது கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்பவரின் கருவி. இதில் ஒவ்வொன்றையும் பிள்ளை தரையை விட்டுக் காலை எடுப்பதற்கு முன்னால் கண்ணால் பார்க்கலாம், கையால் தொட்டுப் பார்க்கலாம். கயிறு ஹார்னஸின் மேலும் கீழும் உள்ள இரண்டு வளையங்களுக்குள்ளும் போயிருக்கிறதா, ஃபிகர் எயிட் முடிச்சில் இழைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஜோடி ஜோடியாக ஓடுகின்றனவா, இடுப்புப் பட்டை எலும்புக்கு மேலே இறுக்கமாக இருக்கிறதா, பிலே பிடிப்பவரின் காரபினர் என்ற கொக்கி வளையம் பூட்டியிருக்கிறதா. அழுத்திப் பார்த்தால் காரபினரின் வாய் திறக்கக்கூடாது. ஏறுபவரும் பிடிப்பவரும் ஒருவரையொருவர் இப்படிச் சரிபார்த்த பிறகே ஏற வேண்டும் என்பது நல்ல கூடங்களில் வழக்கம். என் மகள் இப்போது என் ஹார்னஸையும் விடுவதில்லை, பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறாள். சுவரில் பிடி நழுவுவது தினமும் பலமுறை நடக்கும். நழுவியதும் கயிற்றில் உட்கார்ந்துகொள்கிறாள், அவ்வளவுதான். தோற்பது வழக்கமாகவே இருக்கும் ஒரு விளையாட்டில் தோற்றால் ஒன்றும் ஆகாத மாதிரி ஏற்பாடு இருப்பது எனக்குப் பெரிய விஷயம்.

என் வாதத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. பிலே பிடிப்பதும் ஒரு பிள்ளையாக இருந்தால், மறுபடியும் ஒரு பிள்ளையின் கவனத்தைத்தான் நம்புகிறோம். கிரிகிரி மாதிரித் தானே இறுகிக்கொள்ளும் கருவி பெரும்பாலும் காப்பாற்றும், ஆனால் ஏறியவரைக் கீழே இறக்கும் நேரத்தில் நெம்புகோலை முழுசாக இழுத்துவிட்டால் அதுவும் காப்பாற்றாது. அதனால் எங்கள் வீட்டில் பெரியவர்தான் பிடிப்போம். ஆள் இல்லாமல் இயந்திரமே கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் ஆட்டோ பிலே என்றால் வேறு ஆபத்து: இயந்திரம் தவறுவது அபூர்வம், கொக்கியை மாட்டாமலே ஏறிவிடுவதுதான் நடக்கிறது. பௌல்டரிங்கில் கயிறே கிடையாது, ஒவ்வொரு முறை விழுவதும் மெத்தைக்குத்தான், கணுக்காலும் முழங்கையும் அங்கேதான் போகின்றன. நான் பேசுவது கயிறு கட்டி ஏறுவதைப் பற்றி மட்டும். வெளியே பாறையில் ஏறுவதும் வேறு கதை, கல் உருளும், மழை வரும். எங்களுக்கு அதில் பழக்கம் போதாது, அதற்கும் சேர்த்து உத்தரவாதம் தர மாட்டேன்.

உங்கள் பிள்ளை சியர்லீடிங்தான் வேண்டும் என்று நின்றால், நான் தடுக்கச் சொல்ல மாட்டேன். அந்த ஆசைக்கு மதிப்பு உண்டு. குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிக்கையில் இருப்பதையே போய்க் கேளுங்கள்: பிரமிடு இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் போகிறதா, ஈரமான அல்லது மேடுபள்ளமான தரையில் ஸ்டண்ட் செய்ய விடுகிறார்களா, தலையில் அடிபட்டால் அன்றைக்கே நிறுத்தி மருத்துவர் எழுதித் தரும்வரை சேர்க்காமல் இருப்பார்களா. நான் சேர்க்கும் நாலாவது கேள்வி, ஒரு பேஸ் வராத நாளில் என்ன செய்வீர்கள். "அன்றைக்கு அந்த ஸ்டண்டே கிடையாது" என்று பதில் வந்தால் அந்தக் கூடத்தை நான் நம்புவேன்.

சுவர் ஏற விடுபவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை, விரல். வளரும் வயதில், குறிப்பாக 12லிருந்து 15 வரை, விரல் எலும்பின் வளர்ச்சித் தட்டில் அழுத்தத்தாலேயே விரிசல் விழும், பெரும்பாலும் நடுவிரலின் நடு மூட்டில். விழுந்து அடிபட்டதாக ஒரு சம்பவமே இருக்காது, மெல்ல மெல்ல வலி கூடும். பிள்ளைகள் சொல்லாமல் டேப் சுற்றிக்கொண்டு ஏறுவார்கள். மரச்சட்டங்களில் கை மட்டும் வைத்துத் தாவும் கேம்பஸ் போர்டு பக்கம் வளர்ச்சி முடியும்வரை விடாதீர்கள், அந்த மூட்டை அழுத்தினால் வலிக்கிறது என்று சொன்னால் ஏறுவதை நிறுத்திவிட்டு, வீட்டு வைத்தியம் பார்க்காமல், விளையாட்டுக் காயம் தெரிந்த மருத்துவரிடம் படம் எடுத்துப் பாருங்கள்.