பெரிய நாயோடு யாழ்ப்பாணப் பயணம்: கொழும்பில் கிடைத்ததும் கிடைக்காததும்

அம்மாவும் அப்பாவும் கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டை விட்டு யாழ்ப்பாணம் கொக்குவில் வீட்டுக்கே திரும்புவதென்று முடிவெடுத்தபோது சாமான்களைப் பற்றி ஒருவருக்கும் கவலை இருக்கவில்லை. லொறிக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போவார். சீசரை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் கேள்வி. சீசர் 36 கிலோ அல்சேஷன் நாய். ரொறன்ரோவிலிருந்து லீவில் போயிருந்த நான் அந்தப் பொறுப்பை எடுத்தேன். அடுத்த முறை யாராவது இப்படிப் புறப்பட்டால் அலையாமல் இருக்கட்டும் என்று விபரமாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதல் வானையும் சாரதியையும் பிடியுங்கள். ஒரு வாடகை வான் நிறுவனம் போனில் "நாய்தானே, பிரச்சினை இல்லை" என்று முற்பணம் வாங்கியது. வானோடு வந்த சாரதி சீசரைக் கண்டதும், "ஐயோ அண்ணை, கன்றுக்குட்டி மாதிரி நிக்குது. ஒபிசில இப்பிடிச் சொல்லேல்லையே" என்று திரும்பிப் போய்விட்டார். அவரில் ஒரு குறையும் இல்லை. விபரம் கேட்காமல் காசு வாங்கிய அலுவலகத்தில்தான் குறை. அந்தக் காசைத் திருப்பி எடுக்க நேரில் போய் நின்று கதைக்க வேண்டியிருந்தது.

பிறகு பலசரக்குக் கடை முதலாளி மூலமாக வவுனியாப் பக்கத்து ஆள் ஒருவர் கிடைத்தார். விலை பேசுவதற்கு முன்னமே, "முதல்ல நாயை ஒருக்காப் பாக்கவேணும்" என்றார். வந்தவர் குந்தியிருந்து கையை நீட்டாமல் சீசரை மணக்கவிட்டார். கேடிஎச் வானின் பின் சீட்டைக் கழற்றி, அவனை ஏற்றி, காலி வீதியால் தெஹிவளை வரை ஓடிக் காட்டினார். நாயைப் பார்க்காமல் விலை சொல்கிற எவரிடமும் வானை எடுக்காதீர்கள் என்பேன்.

மிருக வைத்திய சேவை கொழும்பில் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. நாட்டில் மிருக வைத்தியம் படிப்பிக்கிற ஒரே பீடம் பேராதனையில்தான். அங்கே படித்த வைத்தியர் ஒருவர், அவசரப்படாமல் அம்மாவுக்கு விளங்கும்படி எல்லாவற்றையும் சொன்னார். நித்திரைக் குளிசை கொடுக்கலாமா என்று அம்மா கேட்டதற்கு வேண்டாமென்று மறித்தார். மயக்க மருந்து கொடுத்த நாய்க்கு வான் ஆடும்போது நிதானம் தப்பும், உடம்புச் சூட்டையும் சரியாகத் தணிக்க முடியாது. சத்திக்கு மட்டும் மரோபிட்டன்ட் குளிசை எழுதினார். அல்சேஷன் போல நெஞ்சு ஆழமான பெரிய இனங்களுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் வயிறு முட்டத் தீன் வைத்து ஏற்றக்கூடாது, புறப்பட நாலு மணித்தியாலத்துக்கு முதலே கொஞ்சமாகக் கொடுத்து முடித்துவிட வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசிப் புத்தகத்தைச் சரிபார்த்து, உண்ணிக்கு மருந்தும் தந்தார். வழியில் நாய் இறங்குகிற புல்லெல்லாம் உண்ணி இருக்கும், உண்ணிக் காய்ச்சல் இங்கே சாதாரணம்.

செல்லப்பிராணிக் கடைகளில்தான் ஏமாற்றம். கட்டில், சட்டை, வாசனைச் ஷாம்பு எல்லாம் அடுக்கியிருக்கிறது, சின்ன நாய்களுக்கு. வாய்க்கூடு கேட்டால் வாயை இறுக்கி மூடுகிற துணிப்பட்டியைத் தருகிறார்கள். நாய் வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. வெயிலில் வாயைக் கட்டினால் கொன்றுவிடும். கூடைபோல இடைவெளி உள்ளது தேடி எடுங்கள், உள்ளே நாக்கை நீட்டித் தண்ணீர் குடிக்க வேண்டும்.

நாயின் நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற ஹார்னஸ் பட்டியும் சீசரின் நெஞ்சுக்குப் போதவில்லை. வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட, குடைக்குக் கீழே இருந்து செருப்புத் தைக்கிற ஐயாவிடம் கொண்டுபோனேன். ஒரு சணல் நூலைத் தந்து, "நெஞ்சைச் சுத்தி அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டு வாங்கோ தம்பி" என்றார். பழைய பயணப் பையிலிருந்து வெட்டிய நைலோன் பட்டியை இணைத்து, மெழுகு பூசிய நூலால் பெட்டி வடிவில் தைத்து, நடுவே குறுக்காகவும் இரண்டு தையல் போட்டார். பிறகு ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு மறுநுனியைத் தன் முழுப் பலத்தோடு இழுத்துப் பார்த்தார். சீட் கழற்றிய கொளுக்கியில் அந்தப் பட்டியைத்தான் மாட்டினோம். வான் சடுதியாக பிரேக் பிடித்தபோது சீசர் இடம் மாறவே இல்லை. கொழும்பில் எனக்குக் கிடைத்த சேவைகளில் இதுதான் சிறந்தது.

வான் தரை வழுக்கும். பெரிய நாய்க்கு நகம் ஊன்ற இடமில்லாவிட்டால் வழிநெடுகக் கால் நடுங்கும். அடியில் தும்புப் பாய், அதன்மேல் நோயாளிகளுக்கு விரிக்கிற றப்பர் ஷீட், அதன்மேல் அப்பாவின் பழைய சாரம். றப்பர் ஷீட் பார்மசிகளில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள். அப்பாவின் மணம் உள்ள துணி இருந்தபடியால் நாய் அடங்கிப் படுத்தது.

தண்ணீர்தான் பெரிய விஷயம். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு ஏறக்குறைய 50, 60 மில்லிலீற்றர் வேண்டும். அப்படிப் பார்த்தால் சீசருக்கு இரண்டு லீற்றர், இளைக்கிற பயணத்தில் அதைவிடக் கூட. பழகிய கொழும்புக் குழாய்த் தண்ணீரை ஐந்து லீற்றர்க் கான்களில் நிரப்பினோம். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர், அதை முதல் சில நாட்கள் இதனோடு கலந்து கொடுக்கலாம். உறைந்த போத்தல்களைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். சூடு ஏறினால் ஈரத் துவாயால் போர்த்து மூடாதீர்கள். வயிற்றிலும் கால்களிலும் தண்ணீர் ஊற்றிக் காற்றுப் படவிடுங்கள். நாயின் இயல்பான உடம்புச் சூடு 38 முதல் 39 பாகை வரை, 41 தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

சாரதியோடு பேசவேண்டிய முக்கிய விஷயம் ஏசி. தேத்தண்ணிக்கு நிற்பாட்டினால் எஞ்சினை நிற்பாட்டுவது எல்லாச் சாரதிகளின் பழக்கம். வெயிலில் பூட்டிய வானுக்குள் பத்து நிமிடத்திலேயே பத்துப் பாகை அளவு ஏறிவிடும். எண்ணெய்க் காசைத் தனியாகத் தருகிறோம், நாய் உள்ளே இருக்கும்வரை ஏசி ஓடட்டும் என்று முதலே சொல்லிவிடுங்கள். நாங்கள் மாறி மாறித்தான் சாப்பிட்டோம்.

விடியப்புறம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டுப் புத்தளம் வழியாகப் போனோம். புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் யானை நடமாட்டம் உண்டு, அந்தப் பகுதியை வெளிச்சம் வந்தபிறகு கடப்பதுதான் புத்தி. சாப்பாட்டுக் கடை வாசல்களில் நாயை இறக்காதீர்கள். தெருநாய்கள் கூடிவிடும், சனம் பாசத்தில் ரோல்ஸும் மீன் பணிசும் நீட்டும். அதற்குள் இருக்கிற வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். கடைகளைத் தாண்டி அரைக் கிலோமீற்றரில் மர நிழல் பார்த்து இறக்கினோம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் அப்பா தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கி வரும்வரை நான் வானோடு நின்றேன். ஆனையிறவில் நிற்பாட்ட நினைக்காதீர்கள், அந்த உப்பு வெளியில் நிழலே இல்லை.

கூலி பேசும்போது வான் வெறுமையாகத் திரும்பும் என்பதையும், மயிர் கூட்டிக் கழுவுகிற செலவையும் சேர்த்தே பேசுங்கள். சாரதி அதைக் கேட்கக் கூச்சப்படுவார். நீங்களே முதலில் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.