கார்டு டிக்லைன் ஆனா விட்டுடுங்க, "வேற லிங்க் தர்றோம் சார்"னு வந்தா ஓடிடுங்க

இத எழுதவே கூச்சமா இருக்கு, பாதி தப்பு என்னோடது. ஆனா நேத்து கூட வேலை பாக்குற பையன் ஒருத்தன் "அண்ணா, அந்த கேசினோ சைட்ல கிரெடிட் கார்டு எடுக்க மாட்டேங்குது, சப்போர்ட்ல கேட்டேன், ஒரு லிங்க் அனுப்பிருக்காங்க"ன்னு சாதாரணமா சொன்னான். அதான், மானம் போனா போகுதுன்னு எழுத உக்காந்துட்டேன்.

நான் ஆடினது ஒரு ஆன்லைன் கேசினோ. பேர் சொல்லி பிரயோஜனம் இல்ல, அவனுங்க சட்டைய மாத்துற மாதிரி பேர மாத்துறவனுங்க. அக்கவுண்ட்ல இருந்த காசு தீந்ததும் ராத்திரி ஒரு மணிக்கு கிரெடிட் கார்டு நம்பர போட்டேன், டிக்லைன். திரும்ப போட்டேன், திரும்பவும் டிக்லைன், கூடவே இந்த வகை வியாபாரிக்கு உங்க கார்டுல அனுமதி இல்லன்னு பேங்க் மெசேஜ். எனக்கு கோவம் வந்தது பேங்க் மேலதான். என் கார்டு, என் லிமிட், நீ யாருய்யா தடுக்கன்னு.

கார்டு வாங்குற ஒவ்வொரு கடைக்கும் ஒரு நாலு இலக்க கோட் இருக்குன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. சூதாட்டத்துக்கு 7995. பேமெண்ட் போகும்போது அந்த நம்பரும் கூடவே போகுது, பேங்க் அதப் பாத்துத்தான் நிறுத்துது. என் பேங்க் மட்டும் வீம்பு பண்ணுதுன்னு நெனச்சா அதுவும் இல்ல. பிரிட்டன்ல 2020 ஏப்ரல் 14ல இருந்தே பந்தயம் கட்ட கிரெடிட் கார்டு கூடாது, ஆஸ்திரேலியால ஆன்லைன் பந்தயத்துக்கு 2024 ஜூன் 11ல இருந்து, அமெரிக்கால சட்டவிரோத ஆன்லைன் சூதாட்டத்துக்கு போற பணத்த பேங்க் தடுக்கணும்னு 2006லயே சட்டம். கையில இல்லாத காசுல, கடன் வாங்கி ஆடக்கூடாதுங்கறதுதான் பிரிட்டன், ஆஸ்திரேலியா தடைக்கு காரணம். அன்னிக்கு ராத்திரி நான் பண்ணிட்டு இருந்தது அச்சு அசலா அதேதான்.

முதல்ல ஒரு வாலட்ல கார்டு வழியா கொஞ்சம் ஏத்தி, அங்கருந்து சைட்டுக்கு மாத்துனேன். பேமெண்ட் போச்சு. ரொம்ப புத்திசாலின்னு நெனச்சுக்கிட்டேன். மாசக் கடைசில பாத்தா பேங்க்காரன் அத கேஷ் அட்வான்ஸ்னு, அதாவது கார்டுல ரொக்கமா கடன் எடுத்த மாதிரி, போட்டிருக்கான். சாதாரணமா கார்டுல வாங்கினா பில் தேதி வரைக்கும் வட்டி இல்லாம ஓடும்ல, இதுக்கு அந்த நாளே கிடையாது, எடுத்த அன்னிக்கே மீட்டர் ஓட ஆரம்பிச்சிடும், கட்டணம் தனி.

அடுத்து மெயின் கதை. சாட்ல ஒரு "அக்கவுண்ட் மேனேஜர்" வந்தான். "கவலைப்படாதீங்க சார், உங்க பேங்க் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட், நான் தனியா ஒரு லிங்க் தர்றேன், ஆப்ல வேணாம், பிரவுசர்ல திறங்க." திறந்தா ஏதோ ஹேண்ட்பேக் விக்கிற கடையோட பேர். ஓடிபி வந்துச்சு, அதுலயும் அந்த கடை பேர்தான் இருந்துச்சு. அந்த நிமிஷம் நான் நிறுத்திருக்கணும். நிறுத்தல, போட்டேன், போச்சு, சைட்ல பேலன்ஸும் ஏறுச்சு. ஒரு வாரத்துல அதே லிங்க்ல நாலு தடவ.

அதுல ஒரு நாள் ஜெயிச்சேன், நல்ல தொகை. எடுக்கலாம்னு போனா, எந்த கார்டுல போட்டீங்களோ அதுக்குத்தான் திருப்பி அனுப்புவோம்னு சொன்னான். சரி அனுப்புன்னா, உங்க கார்டுக்கு கேமிங் பேமெண்ட் போகாது சாருங்கறான்! உள்ள வரும்போது பை கடை, வெளிய போகும்போது கேமிங். அப்புறம் அடையாள அட்டை கேட்டான், கார்டோட ரெண்டு பக்கமும் போட்டோ கேட்டான் (அனுப்பித் தொலைச்சேன்), கடைசில அக்கவுண்டையே லாக் பண்ணிட்டான்.

பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டேன், அதாவது பொருள் வரல, காச திருப்பிக் குடுங்கன்னு. ரெண்டு வாரம் கழிச்சு பேங்க்ல இருந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. அந்தக் கடைக்காரன் பில் அனுப்பிருக்கான்: மெரூன் கலர் ஹேண்ட்பேக் ரெண்டு, டெலிவரி ஆச்சு, கீழ என் பேர், என் ஈமெயில். அந்தம்மா பொறுமையா கேட்டாங்க, "சார், நீங்க பை ஆர்டர் பண்ணலையா?" எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. பண்ணலன்னா அப்புறம் எதுக்கு நாலு தடவ ஓடிபி போட்டீங்கம்பாங்க. பண்ணேன்னா கேஸ் முடிஞ்சுது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு உண்மைய சொல்லிட்டேன். திட்டல. ஓடிபி நீங்களே போட்டது, சைட்லயும் பேலன்ஸ் ஏறிருக்கு, விளையாடித் தோத்தத டிஸ்ப்யூட்ல திருப்ப முடியாது, சூதாட்டத்த பை கடைன்னு காட்டி பொய்யான கோட்ல பணம் வாங்கினது விதிமீறல், அத நாங்க மேல ரிப்போர்ட் பண்றோம்னாங்க. பண்ணிருப்பாங்க. எனக்கு ஒரு பைசா வரல.

யாராவது ஏற்கனவே மாட்டிருந்தா, நான் மாதிரி பொருள் வரலன்னு கதை கட்டாம முதல் போன்லயே நடந்தத சொல்லுங்க. சாட்ட அன்னிக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, என்னோடது அக்கவுண்ட் லாக் ஆனதும் மொத்தமா காணாம போச்சு. கார்ட பிளாக் பண்ணி புது நம்பர் வாங்குங்க, நான் வாங்குறதுக்குள்ள அதே பை கடைல இருந்து அஞ்சாவது தடவ இழுக்கப் பாத்தான். சில பேங்க் ஆப்ல சூதாட்டத்துக்குன்னே ஒரு தடை பட்டன் இருக்கு, என்னோடதுல அத போட்டுட்டா எடுக்கணும்னா கூட ரெண்டு நாள் காத்திருக்கணும். ராத்திரி ஒரு மணிக்கு அந்த ரெண்டு நாள் எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும்.

வீட்ல ஸ்டேட்மெண்ட பாத்துட்டு "யாருக்கு இத்தன பை வாங்கின"ன்னு கேட்டாங்க. அந்த பேச்சு இன்னும் முடியல. தவணையும் முடியல.