நர்சிங் ஸ்கில் லேபுக்கு ஐவி பயிற்சிக் கை: எது தேறும், எது தேறாது

இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பி.எஸ்சி. பாடத்திட்டம் ஸ்கில் லேப் (செய்முறைப் பயிற்சிக் கூடம்) பயிற்சிக்கென்று தனியாக மணிநேரம் ஒதுக்கியிருக்கிறது. அந்த நேரத்தில் அதிகம் அடிபட வேண்டிய பொருள் ஐவி பயிற்சிக் கை, அதாவது ரத்த நரம்பில் ஊசி ஏற்றிப் பழகும் செயற்கைக் கை. ஆனால் பல கல்லூரிகளில் அது கண்ணாடி அலமாரிக்குள் புத்தம் புதிதாக இருக்கிறது, இன்ஸ்பெக்ஷன் அன்றுதான் மேசைக்கு வருகிறது.

உள்ளூர்த் தயாரிப்பு, இறக்குமதி என்று சந்தையில் விலை பல மடங்கு வேறுபட்டாலும் அமைப்பு ஒன்றுதான். உள்ளே கெட்டியான கை வடிவம், அதில் வெட்டிய பள்ளங்களில் நரம்புக்கான ரப்பர் குழாய்கள், மேலே கையுறை போல இழுத்து மாட்டும் தோல். குழாயின் ஒரு முனை சிவப்புத் தண்ணீர்ப் பைக்கும் மறுமுனை வடிகால் பைக்கும் போகும். இதில் தேய்ந்துபோவது தோலும் குழாயும் மட்டுமே. ஆகவே கையின் விலையைவிட மாற்றுத் தோலின் விலையும் அது எத்தனை நாளில் வந்து சேரும் என்பதும்தான் முக்கியம். உதிரி கிடைக்காத விலையுயர்ந்த கை ஒரே பேட்ச் மாணவிகளுடன் முடிந்துபோகும்.

தோல் நிறத்தையும் பாருங்கள். வெளிறிய தோல், நீலக் கோடாகத் தெரியும் நரம்பு என்று வரும் மாடல்கள் நம் ஊர் வார்டுக்கு உதவாது. மாநிறத்திலும் கருப்பிலும் நரம்பைக் கண்ணால் தேடிப் பயனில்லை. விரல் நுனியால் தடவி, அழுத்தி, விட்டதும் துள்ளி எழுகிறதா என்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். கருந்தோல் மாடலைக் கேட்டு வாங்குவதே நல்லது.

இனி பயன்பாடு. சிவப்புத் தண்ணீர்ப் பையை ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட்டு வடிகால் பக்கத்துக் கிளாம்பை மூடினால் நரம்பு நன்றாகப் புடைக்கும். முதலில் பழகுபவர்களுக்கு இது போதும். கை பழகியதும் பையை முக்கால் அடிக்கு இறக்குங்கள். குழாய் தளர்ந்து, ரத்தம் மெதுவாகத்தான் ஏறும். வயிற்றுப்போக்கில் உடல் வற்றி வரும் நோயாளியிடமும் இப்படித்தான் இருக்கும். பை எப்போதும் உயரத்திலேயே இருந்தால், ரத்தம் பாய்ந்து வராவிட்டால் நரம்பு தப்பிவிட்டது என்று நினைத்து ஊசியை உருவிவிடும் பழக்கம் வந்துவிடும்.

பிழை அதிகம் நடக்கும் இடம் அதற்கு அடுத்த நொடி. 15 முதல் 30 டிகிரி சாய்வில் உள்ளே போய், கேன்யுலாவின் (மென்குழாய் மாட்டிய ஊசி) பின்னறையில் ரத்தம் தெரிந்ததும், சாய்வைக் குறைத்து இன்னும் 2, 3 மில்லிமீட்டர் முன்னே போக வேண்டும். ஊசி முனை அதன்மேல் மாட்டிய கதீட்டர் என்ற மென்குழாயைவிடச் சற்று நீண்டிருப்பதால், ரத்தம் தெரிந்தபோது ஊசி மட்டுமே நரம்புக்குள் இருக்கும். அங்கேயே நிறுத்திக் கதீட்டரைத் தள்ளினால் அது வெளிச்சுவரில் முட்டி மடங்கும். சாய்வைக் குறைக்காமல் தள்ளினாலோ அடிச்சுவர் கிழியும். இந்த நுட்பத்தைப் பயிற்சிக் கை நன்றாகவே கற்றுத்தருகிறது. நம்பி வாங்கலாம் என்று சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

கற்றுத்தராதவையும் உண்டு. ரப்பர் குழாய் பள்ளத்துக்குள் பதிந்திருப்பதால் நழுவாது. வயதானவர்களின் நரம்பு நழுவும். தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்காத மாணவிக்கும் இங்கே ஊசி ஏறிவிடும். குழாய்ச் சுவர் தடிமனானது என்பதால் உள்ளே போகும்போது ‘டொக்’கென்று தெரியும், மனிதருக்கு அவ்வளவு தெரியாது. நரம்பு புடைக்க இறுக்கிக் கட்டும் டூர்னிக்கெட் பட்டையைக் கழற்ற மறந்தாலும் கைக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே டூர்னிக்கெட் கழற்றியது, தோலை இழுத்துப் பிடித்தது, ஸ்பிரிட் காயும்வரை காத்திருந்தது, துடைத்த இடத்தை மறுபடி தொடாமல் இருந்தது எல்லாம் ட்யூட்டரின் செக்லிஸ்டில் தனித்தனியாக இருக்க வேண்டும். ஊசி ஏறியதை மட்டும் பார்த்து ‘தேறிவிட்டாள்’ என்று கையெழுத்துப் போட்டால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

சிக்கனம் என்ற பெயரில் நடக்கும் ஒன்று ஆபத்தானது. ஒரே கேன்யுலாவை வகுப்பு முழுவதும் சுற்றவிட்டு, உருவிய ஊசியைத் திரும்பக் கதீட்டருக்குள் சொருகுகிறார்கள். மழுங்கிய ஊசி தோலைக் கிழித்துக் கையின் ஆயுளைக் குறைப்பது சிறிய நஷ்டம். வார்டில் நோயாளியின் நரம்புக்குள் இருக்கும் கதீட்டருக்குள் ஊசியைத் திரும்பச் செலுத்தினால் கதீட்டர் வெட்டுப்பட்டு, துண்டு ரத்த ஓட்டத்தோடு போய்விடலாம். செய்யவே கூடாத அந்தச் செயலை லேபிலேயே பழக்கிவிடுகிறோம். மருத்துவமனை ஸ்டோரில் காலாவதியான கேன்யுலாக்கள் கிடைக்கும். ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று பெரிதாக எழுதிய டப்பாவில் போட்டு லேபோடு வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு நீல நிற 22 கேஜும் ரோஸ் நிற 20 கேஜும் போதும். அவற்றைவிடத் தடித்த பச்சை 18 கேஜ் போடும் ஓட்டை பெரிது, சீக்கிரம் கசியும். ஒழுகும் பழைய ஓட்டையிலேயே எல்லோரும் குத்துவதைத் தடுக்கக் குத்தும் இடத்தை மாற்றிக்கொண்டே போகச் சொல்லுங்கள்.

ஊசி போட வெள்ளை நிறக் குத்துப்படாத டப்பா, ரத்தம் பட்ட பஞ்சுக்கு மஞ்சள் பை, கதீட்டருக்கும் ஐவி குழாய்க்கும் சிவப்புப் பை. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகள் சொல்லும் இந்த நிறங்கள் கையின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பராமரிப்பில் மூன்று விஷயம். சிவப்புக் கரைசலை டிஸ்டில்டு வாட்டரில் கலக்க வேண்டும், போர்வெல் தண்ணீரில் கலந்தால் குழாயில் உப்புப் படியும். வகுப்பு முடிந்ததும் வெறும் தண்ணீர் விட்டு அலசி, 50 மில்லி சிரிஞ்சால் காற்றை ஊதி, சொட்டு இல்லாமல் உலரவிட வேண்டும்; கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தேங்கிய தண்ணீர் பூஞ்சை பிடித்துவிடும். பெட்டாடின், பால்பாயின்ட் பேனா, செய்தித்தாள் மை மூன்றும் தோலில் பட்டால் கறை போகவே போகாது, ஆகவே கையைப் பேப்பரில் சுற்றி வைக்காதீர்கள்.

முழுக்கை தவிர, மணிக்கட்டில் அல்லது முழங்கையில் கட்டிக்கொள்ளும், மெத்தை போன்ற சிறிய பயிற்சிப் பேடும் கிடைக்கிறது. விலை குறைவு. நரம்பின் வழி குறுகியது, ஆனால் சக மாணவி அதைக் கட்டிக்கொண்டு படுத்தால் “அம்மா, உங்க பேர் முழுசா சொல்லுங்க, இப்ப ஊசி போடப் போறேன், கையை அசைக்காம இருங்க” என்று பேசிக்கொண்டே செய்யப் பழகலாம். பேசாத பிளாஸ்டிக் கையிடம் அது வராது. ஆடம்பரமான ஒரு முழுக்கைக்குப் பதில் நடுத்தர விலையில் இரண்டு கையும் நாலைந்து பேடும் வாங்குவதே எங்கள் பரிந்துரை. அடியில் ஊசி துளைக்காத தகடு உள்ள பேடாக மட்டும் வாங்குங்கள். கொட்டேஷனில் மாற்றுத் தோல், குழாய் செட் இரண்டின் விலையையும் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் டீலரிடம் வாங்காதீர்கள்.