பவர் ஸ்டீயரிங் எண்ணெய்க் கசிவு: பழைய காரோடு ஒன்பது வருடம்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில், என் காருக்குக் கீழே எப்போதும் ஒரு அட்டைப்பெட்டி விரித்துக் கிடக்கும். காலையில் காரை வெளியே எடுத்ததும் இறங்கி அந்த அட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். ஏர்கோன் தண்ணீர் விழுந்திருந்தால் ஈரம் மட்டும் தெரியும், நிறம் இருக்காது. என்ஜின் எண்ணெய் கறுப்பு. கூலன்ட் என் காரில் பச்சை. சிவப்பாக, தொட்டால் வழுவழுப்பாக இருந்தால் அது பவர் ஸ்டீயரிங் எண்ணெய். என் காருக்கு ஊற்றுவது ஏடிஎஃப் (ஆட்டோ கியருக்கு ஊற்றும் எண்ணெய்), டெக்ஸ்ரான் 3 ரகம். சில கார்களுக்கு அந்தக் கம்பெனியே சொல்லும் தனி எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் சீல் கெட்டுவிடும். காரில் இருக்கும் பவர் ஸ்டீயரிங் எண்ணெய்ப் போத்தலின் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள்.

கார் 2002இல் பதிவானது, 1.6 லிட்டர். அப்பா வாங்கியது. கடன் எப்போதோ அடைந்துவிட்டது, என்ஜினும் கியரும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன. இந்த ஒரு கசிவுக்காக அதை விற்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் கசிவு 2016இல். பம்பிலிருந்து ரேக்குக்கு (முன் சக்கரங்களைத் திருப்பும் பாகம்) எண்ணெய் கொண்டுபோகும் பிரஷர் ஹோஸ், அதில் ரப்பரும் இரும்பு முனையும் சேரும் இடத்தில் வியர்த்தது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்துப் பிடித்தால் அந்தக் குழாய்க்குள் 70 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதினான்கு வருடம் என்ஜின் சூட்டில் வெந்த ரப்பர் அதை எத்தனை நாள் தாங்கும்? புது ஹோஸ் கிடைக்கவில்லை. கெப்போங்கில் லாரிக்கும் மண்வாரி இயந்திரத்துக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடைக்குப் பழையதைக் கழற்றிக் கொண்டுபோனேன். கடைக்கார அங்கிள் பழைய இரும்பு முனைகளை வைத்துக்கொண்டு, நடுவில் புது ரப்பரைப் போட்டு மெஷினில் அழுத்திக் கொடுத்தார். 140 வெள்ளி. அந்த ஹோஸ் இன்றும் காய்ந்தே இருக்கிறது. பிரஷர் ஹோஸ் கிடைக்காமல் அலைபவர்கள் இப்படிப்பட்ட கடையைத் தேடிப் போங்கள்.

அடுத்த வருடமே மறுபடி சொட்டியது. இந்தத் தடவை எண்ணெய் திரும்பி வரும் சின்ன ஹோஸ். அவசரத்துக்கு ஒரு பட்டறையில் மாற்றினேன். அவர்கள் போட்டது ரேடியேட்டருக்குப் போடும் தண்ணீர் ஹோஸ் என்று அப்போது எனக்குத் தெரியாது. மூன்று மாதத்தில் அது ஊதி, விரலால் அமுக்கினால் கனிந்த வாழைப்பழம் போலக் குழைந்தது. தண்ணீருக்குச் செய்த ரப்பருக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. எண்ணெய் தாங்கும் ஹோஸ் ஒரு மீட்டர், இரண்டு நல்ல கிளிப், மொத்தம் முப்பது வெள்ளிக்குள்தான்.

உண்மையான தலைவலி 2018இல் தொடங்கியது. ரேக் கசிகிறது என்றார்கள். சீல் கிட் மாற்றினேன், கூலியோடு 280 வெள்ளி. ஏழு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் அட்டையில் மறுபடி சிவப்புப் பொட்டு. கசிவை நிறுத்தும் மருந்து என்று ஒரு போத்தல் விற்கிறார்களே, அதையும் ஊற்றிப் பார்த்தேன். காய்ந்து இறுகிய ரப்பரைக் கொஞ்சம் மிருதுவாக்கி உப்பவைப்பதுதான் அதன் வேலை. இரண்டு மாதம் குறைந்தது, பிறகு முன்பைவிட அதிகமாக ஊற்றியது. தீபாவளிக்கு சுங்கை சிப்புட் போகும்போது தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தி எண்ணெய் ஊற்ற வேண்டியதாயிற்று. அம்மா காருக்குள் உட்கார்ந்திருக்க, நான் நெடுஞ்சாலை ஓரம் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது இன்றும் நினைவில் இருக்கிறது. எண்ணெய் சுத்தமாக வற்றினால் பம்பும் போய்விடும். சூடான எக்ஸாஸ்ட் குழாயில் சொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும். தள்ளிப்போட வேண்டாம்.

பத்துமலைக்குப் பக்கத்தில் ஒரு போமேன் (மெக்கானிக்) அண்ணன் இருக்கிறார் என்று நண்பன் கூட்டிப்போனான். அவர் செய்த முதல் வேலை எதையும் கழற்றுவது இல்லை. கெரசின் தெளித்து எல்லா இடத்தையும் கழுவித் துடைத்தார். என்னை உள்ளே உட்காரவைத்து, என்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பச் சொன்னார். டார்ச் லைட்டோடு கீழே படுத்துப் பார்த்தார். எண்ணெய் கீழ்நோக்கி வழிந்து, காற்றில் பின்னால் பறந்து எங்கெங்கோ ஒட்டும். ஈரமாக இருக்கும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. அதுவரை என் காரைத் தொட்ட யாரும் கழுவிவிட்டுப் பார்த்ததில்லை.

பிறகு என்னைக் கீழே குனியச் சொன்னார். ரேக்கின் இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும், பூட் என்பார்கள். இடது பக்க பூட்டின் கிளிப்பைத் தளர்த்தி விரலால் பிதுக்கினார். அரை டம்ளர் எண்ணெய் கொட்டியது, அதோடு செம்மண் நிறத்தில் தண்ணீரும். பூட்டை ஒதுக்கினார். உள்ளே பளபளவென்று இருக்க வேண்டிய இரும்புத் தண்டில் ஒரு விரல் நீளத்துக்குத் துருப்புள்ளிகள். "தம்பி, நகத்தால இழுத்துப் பாருங்க" என்றார். இழுத்தேன். நகம் தட்டித் தட்டிப் போனது.

"ஸ்டேரிங் திருப்புற ஒவ்வொரு தடவையும் இந்த இடம் சீலுக்குள்ள போயிட்டு வருது. அரம் வச்சுத் தேய்க்கிற மாதிரி. இதுல எந்த சீல் போட்டாலும் நிக்காது தம்பி."

காரணம் அந்த பூட்தான். மடிப்புக்கு நடுவே வெடிப்பு இருந்தது, மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு மழைக்கும் சாலைத் தண்ணீர் உள்ளே போய்த் தங்கி, தண்டைத் துருப்பிடிக்க வைத்திருக்கிறது. சீல் கிட் போட்டவர்கள் தண்டைத் துடைத்து, அதே கிழிந்த பூட்டையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். இருபது, முப்பது வெள்ளி சாமானைப் பார்க்காமல் விட்டதற்கு நான் இரண்டு வருடம் செலவழித்தேன். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

2020 பிப்ரவரியில் பழைய கார்களை வெட்டிச் சாமான் விற்கும் ஹாஃப்கட் கடையில் ஜப்பான் ரேக் ஒன்று 350 வெள்ளிக்கு வாங்கினோம். பழையதைப் பழுதுபார்த்துப் புதிதாக்கிய ரீகண்டிஷன் ரேக்கும் கிடைத்தது, ஆனால் புது பெயின்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது, அதனால் அண்ணன் வேண்டாம் என்றார். கடையிலேயே இரண்டு பூட்டையும் ஒதுக்கி, தண்டை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, நகத்தால் இழுத்து, உள்ளே உலர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்த பிறகுதான் காசு கொடுத்தோம். மூன்றாவதாகப் பார்த்த ரேக்கைத்தான் எடுத்தோம். மாட்டும்போது புது பூட் இரண்டு, ஹோஸ் முனைகளுக்குப் புது செப்பு வாஷர். பழைய வாஷர் ஒரு தடவை நசுங்கியது, திரும்பப் போட்டால் அங்கேயே கசியும். பழைய எண்ணெய் கறுத்துப்போயிருந்தது, முழுதாக எடுத்துவிட்டுப் புதிது ஊற்றினார். முன் சக்கரங்களைத் தூக்கிவைத்து, என்ஜின் ஓடாமலே ஸ்டீயரிங்கை இருபது தடவைக்கு மேல் திருப்பிக் காற்றை வெளியேற்றினோம். அப்புறம்தான் ஸ்டார்ட். எண்ணெய்ப் போத்தலில் நுரை வந்தால் இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். கூலி 200 வெள்ளி, அலைன்மென்ட் தனி.

அடுத்த மாதமே, மார்ச் 18ஆம் தேதி, கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கார் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தது. பிறகு எடுத்தபோது அட்டையில் தூசி மட்டும்தான் இருந்தது. கீழேயே நின்று அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன்.

அதற்கப்புறம் ஐந்து வருடம், ஏறக்குறைய 60,000 கிலோமீட்டர். ரேக்கில் ஒரு துளி கிடையாது. 2023இல் காலை நேரத்தில் மட்டும் பம்ப் முனகியது, போத்தலில் லேசான நுரை. எண்ணெய் வெளியே வரவில்லை, பம்ப் உறிஞ்சும் பக்கத்து ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தளர்ந்து காற்று உள்ளே போயிருக்கிறது. ஐந்து வெள்ளி வேலை. பல மாடி கார் நிறுத்துமிடங்களில் வளைந்து ஏறும்போது ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்துக்கொண்டே இருப்பதை விட்டுவிட்டேன், முட்டியதும் ஒரு விரற்கடை தளர்த்திவிடுவேன். எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பூட்டின் மடிப்புகளை விரித்துக் காட்டச் சொல்கிறேன்.

போன வாரம் பம்பின் புல்லிக்குப் பின்னால் லேசாக ஈரம் தெரிந்தது. இன்னும் சொட்டவில்லை. ஷாஃப்ட் சீலாகத்தான் இருக்கும் என்று அண்ணன் சொல்கிறார். விட்டால் பெல்ட்டில் எண்ணெய் படும். சீல் வாங்கி வைத்துவிட்டேன், வரும் ஞாயிறு கழற்றுகிறோம். முதலில் கழுவிவிட்டுப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்.