விரிவுரையாளரின் வேலைச்சுமையை எதைக் கொண்டு அளப்பது?

புதிய அரையாண்டுக்குப் பாடங்களைப் பங்கிடும் துறைக் கூட்டம் என்றாலே ஒரு வாக்குவாதம் கட்டாயம் வரும். "எனக்கு மூண்டு பாடம், அவருக்கு ரெண்டுதானே?" பாடங்களை எண்ணினால் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் தெரியும். மணித்தியாலத்தை எண்ணினால் அது தலைகீழாகலாம், மாணவர்களை எண்ணினால் இன்னொரு கணக்கு வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஒரே வளவுக்குள் அடங்கிய நிறுவனமும் இல்லை. திருநெல்வேலியில் கலைப்பீடமும் விஞ்ஞானபீடமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியலும் விவசாயமும், மருதனார்மடத்தில் இசையும் நடனமும் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் அளவுகோல் எது என்று பார்க்க, நடைமுறையில் உள்ள நான்கு வழிகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, வகுப்பில் நிற்கும் மணித்தியாலத்தை எண்ணுவது. இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிகளின்படி உதவிப் பேராசிரியருக்குக் கிழமைக்கு 16 மணித்தியாலம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணித்தியாலம் நேரடிக் கற்பித்தல். ஆண்டுக்கு 30 வேலைக் கிழமைகள். பிரித்தானியாவில் 1992க்குப் பின் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனங்களின் பொது ஒப்பந்தமும் இதே அலகைத்தான் எடுத்தது, ஆனால் நோக்கம் வேறு: கிழமைக்கு 18, ஆண்டுக்கு 550 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. முன்னது "இவ்வளவாவது செய்" என்கிறது, பின்னது "இதற்கு மேல் கேளாதே" என்கிறது. ஆள் பற்றாக்குறையோடு ஓடும் யாழ்ப்பாணத்துக்குப் பின்னதுதான் கூடுதலாகத் தேவை.

இந்த முறையின் பலம், நேர அட்டவணையைப் பார்த்து யாரும் சரிபார்க்கலாம் என்பது. பலவீனம் பெரியது. விரிவுரை மண்டபத்துக்கு வெளியே நடக்கும் எதையும் அது காணாது. இந்தியக் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு: மூத்தவருக்குச் சுமை குறைகிறது. எங்கள் ஊரில் நேரம் மிக அவசரமாகத் தேவைப்படுவது தகுதிகாண் விரிவுரையாளருக்கு, அதாவது இன்னும் நிரந்தரமாக்கப்படாதவருக்கு. பட்டப்பின் படிப்பை முடித்தால்தான் அவர் பதவியில் நிலைக்க முடியும்.

அடுத்தது கிரெடிட் கணக்கு. இலங்கையில் பட்டங்களின் தரத்தை வரையறுக்கும் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது, வகுப்பும் சொந்தப் படிப்பும் சேர்த்து, 50 மணித்தியாலக் கற்றல். அதில் வகுப்பில் நடப்பது விரிவுரையென்றால் 15 மணித்தியாலம், செய்முறையென்றால் பொதுவாக 30. துறைகளுக்கு இது வசதி, ஏனென்றால் பாடத்திட்டத்திலேயே எண் எழுதியிருக்கும். ஆனால் அந்த 50 மணித்தியாலமும் மாணவருடைய உழைப்பு, ஆசிரியருடையது அல்ல. ஒரு விஞ்ஞானப் பாடத்தை எடுத்துக்கொள்வோம்: இரண்டு கிரெடிட் விரிவுரை, ஒரு கிரெடிட் செய்முறை. வகுப்பில் 90 பேர், ஆய்வுகூடத்தில் 30 பேருக்குத்தான் இடம். அப்படியானால் செய்முறையை மூன்று குழுக்களுக்கும் தனித்தனியே நடத்தவேண்டும். மாணவருக்கு வகுப்பில் மொத்தம் 60 மணித்தியாலம், ஆசிரியருக்கு 120. பக்கத்துத் துறையில் மூன்று கிரெடிட்டும் விரிவுரையாக உள்ள பாடத்துக்கு 45 மணித்தியாலம் போதும். கிரெடிட் கணக்கில் இருவரும் சமம்! தனியே இதை வைத்துச் சுமையைப் பங்கிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவது வழி எல்லா வேலையையும் புள்ளியாகவோ மணித்தியாலமாகவோ மாற்றிக் கூட்டுவது. அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் பரவலாகத் தெரிந்த 40:40:20 பங்கீடு, அதாவது கற்பித்தல், ஆய்வு, நிர்வாகமும் சேவையும் என்ற பிரிப்பு, இந்த வகையைச் சேர்ந்தது. விரிவுரைத் தயாரிப்பு, வினாத்தாள் ஆக்கம், திருத்தல், ஆய்வுக்கட்டுரை மேற்பார்வை, மாணவ ஆலோசகர் பொறுப்பு என்று எல்லாம் கணக்குக்குள் வரும்.

இங்கேதான் கலைப்பீடத்தின் உண்மையான பாரம் வெளியே தெரிகிறது. இரண்டு பேர் ஆளுக்கொரு மூன்று கிரெடிட் பாடம் எடுக்கிறார்கள். ஒருவரிடம் 20 மாணவர், மற்றவரிடம் 200. ஒரு கட்டுரை விடைத்தாளை நேர்மையாக வாசித்துப் புள்ளியிட 20 நிமிடம் என்று வைப்போம். முதலாமவர் ஏழு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுவார். இரண்டாமவருக்கு 66 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும், அதாவது அவர் அந்த அரையாண்டு முழுவதும் விரிவுரை மண்டபத்தில் நின்ற 45 மணித்தியாலத்தையும் தாண்டிப் போகிறது. இடைப்பரீட்சை, ஒப்படை, இரண்டாம் பரீட்சகராக இன்னொருவரின் கட்டைத் திருத்துவது எல்லாம் இதற்கு மேலே. திருத்தலைச் சேர்க்காத எந்தச் சுமைக் கணக்கையும் நான் நியாயமானது என்று ஏற்கமாட்டேன். நேரமில்லாதபோது முதலில் அடிபடுவது விடைத்தாளின் ஓரத்தில் எழுதவேண்டிய கருத்துரை. அது இல்லாமல் எங்கே பிழைத்தோம் என்று தெரியாமலே பிள்ளைகள் அடுத்த ஆண்டுக்குப் போகிறார்கள்.

மாணவர் தொகையை மட்டும் பார்த்தாலும் பிழைதான். மருதனார்மடத்தில் வாய்ப்பாட்டோ வயலினோ மிருதங்கமோ கற்பிப்பவரிடம் வகுப்புக்குச் சிலரே இருப்பார்கள். ஆனால் ஒவ்வொருவரின் கையையும் குரலையும் தனித்தனியே கேட்டுத் திருத்தவேண்டும். விடைத்தாள் கட்டு சிறியது, வகுப்பு மணித்தியாலம் நீண்டது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அறிவியல் நகருக்கு வகுப்பெடுக்கப் போகிறவருக்கோ ஏ9 வீதியில் போய்வர நூறு கிலோமீற்றருக்கு மேல். இரண்டு மணித்தியால விரிவுரைக்கு ஒரு நாள் போய்விடுகிறது. இதற்குச் சிறு புள்ளியாவது வேண்டும், அல்லது அவருடைய வகுப்புகளை ஒரே நாளில் கட்டிக்கொடுக்கவேண்டும்.

புள்ளி முறைக்கும் ஒரு நோய் உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் கடிதத்துக்கும் நிமிடம் போடத் தொடங்கினால் படிவம் நிரப்புவதே இன்னொரு வேலையாகிவிடும்.

நான்காவது, எழுதாத வழி: துறைத்தலைவரும் மற்றவர்களும் பேசி, "இந்த முறை நீங்கள் எடுங்கோ, அடுத்த முறை நான்" என்று ஒத்துக்கொள்வது. ஐந்தாறு பேர் உள்ள துறையில், ஆளுக்கு ஆள் நம்பிக்கை இருந்தால், இது அழகாக நடக்கும். ஒருவருக்குக் குழந்தை பிறந்தால், ஒருவர் ஆய்வேட்டை முடிக்கும் கட்டத்தில் இருந்தால் மற்றவர்கள் தாங்கிக்கொள்வார்கள். எந்த அட்டவணையாலும் இதைச் செய்யமுடியாது. ஆனால் தன்னை நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கவேண்டிய மூத்தவரிடம் தகுதிகாண் விரிவுரையாளர் "ஏலாது" என்று சொல்வாரா? தற்காலிக உதவி விரிவுரையாளர் சொல்வாரா? மறுத்துப் பேசாதவர்களின் தலையிலேயே பரீட்சை ஒருங்கிணைப்பும் தர உறுதிப்பாட்டு அறிக்கையும் ஆண்டாண்டாக ஏறிக்கொண்டிருக்கும்.

நான் தேர்ந்தெடுப்பது மூன்றாவதின் சுருங்கிய வடிவத்தையும் நான்காவதின் பேச்சையும் சேர்த்த ஒன்று. கணக்கில் ஆறேழு வரி போதும்: வகுப்பு மணித்தியாலம், குழுவாகத் திரும்ப நடத்தும் செய்முறை, திருத்தும் தாள்களின் எண்ணிக்கை, முதன்முறை எடுக்கும் பாடத்துக்கான தயாரிப்பு, ஆய்வுக்கட்டுரை மேற்பார்வை, நிர்வாகப் பொறுப்பு, பயணம். ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு நிறை கொடுப்பது என்பதைப் பீடச்சபை முடிவு செய்யட்டும், ஏனென்றால் விஞ்ஞானபீடத்துக்குப் பொருந்தும் நிறை நுண்கலைக்குப் பொருந்தாது. தகுதிகாண் காலத்தவருக்குப் பிரித்தானிய ஒப்பந்தம் போல ஓர் உச்சவரம்பு வேண்டும். அப்புறம், எல்லாருடைய மொத்தமும் துறையில் உள்ள எல்லாரும் பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். எண்களை முன்னால் வைத்துக்கொண்டு பேசினால் இளையவரும் வாய் திறக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் விரிவுரையாளர் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். பத்துப் பேர் செய்யவேண்டிய வேலையை ஆறு பேருக்குச் சமமாகப் பிரித்தால், அது சமமே தவிர நியாயம் ஆகாது. அப்படிப்பட்ட துறை தன் அட்டவணையை அப்படியே ஆளணிக் கோரிக்கையோடு இணைத்துப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். ஆள் வரும்வரை, நாலைந்து பேர் மட்டுமே எடுக்கும் விருப்பப் பாடங்களை ஆண்டுவிட்டு ஆண்டு நடத்தலாம். பல்கலைக்கழகத்தின் கல்வி விடயங்களை முடிவு செய்யும் மூதவையின் அனுமதி தேவையென்றால், பாடப் பதிவு தொடங்க முன்பே அதைக் கேட்டுவிடவேண்டும்.