இருமுனையா, பலமுனையா?

டூரிங் கார் பந்தயத்தின் ருசியே, தெருவில் நிற்கும் கார்களின் சாயலில் உள்ளவை முட்டி மோதி ஓடுவதுதான். அந்த மோதல் ஆஸ்திரேலியாவில் ஒரு மாதிரி, பிரிட்டனில் வேறு மாதிரி.

ஆஸ்திரேலியாவில் நெடுங்காலம் கேள்வி ஒன்றுதான்: நீ ஃபோர்டா, உள்ளூர்ப் பிராண்டான ஹோல்டனா? அப்பா கட்சியே பிள்ளைக்கும். அந்நாட்டின் புகழ்பெற்ற நெடுந்தூரப் பந்தயமான பாதர்ஸ்டில் ஓட்டுநர் பீட்டர் ப்ராக் 9 முறை வென்றார், ஒன்பதும் ஹோல்டனில். 1992-இல் மழையால் பந்தயம் நிறுத்தப்பட்டபோது, மோதி நொறுங்கியிருந்த நிஸ்ஸான் ஜிடி-ஆர் வென்றதாக அறிவித்தார்கள். மேடையேறியவர்களைக் கூட்டம் எதிர்ப்புக் கூச்சலோடு வரவேற்றது. மூன்றாவது ஆளுக்கு அங்கே அன்று இடமில்லை! ஆனால் இருமுனைப் போட்டியில் ஒருவர் போனால் பாதி உயிர் போய்விடும். 2022-உடன் ஹோல்டன் பந்தயக் களத்திலிருந்து விடைபெற்றது. இப்போது ஃபோர்டின் மஸ்டாங்கை எதிர்க்க செவ்ரோலேயின் கமாரோ இருக்கிறது, சரி, ஆனாலும் ஹோல்டன் ரசிகரின் வலி ஆறவில்லை.

பிரிட்டன் பலமுனைப் போட்டி. 1994-இல் ஆல்ஃபா ரோமியோ 155 பட்டம் வென்றது. அதே ஆண்டு வால்வோ, குடும்பங்கள் ஓட்டும் 850 எஸ்டேட்டையே களமிறக்கியது. ரெனோ, வாக்ஸ்ஹால், பிஎம்டபிள்யூ என்று அன்று எதிராளிகளுக்குப் பஞ்சமிருக்கவில்லை.

பந்தயம் பார்க்க பிரிட்டன்தான் சுவாரசியம். மனம் பதைபதைக்க வேண்டுமென்றால் பாதர்ஸ்ட். என் ஓட்டு பாதர்ஸ்டுக்கே.