மாநிலங்களுக்கான மேலவை: வாஷிங்டன், டெல்லி, பெர்லின்

நம் மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31 இடங்கள், தமிழகத்துக்கு 18, சிக்கிமுக்கு 1. மேலவையைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் விவாதம் இந்தக் கணக்கில்தான் போய் நிற்கிறது. இடங்களைச் சமமாகப் பிரிப்பதா, மக்கள்தொகைப்படி பிரிப்பதா? அந்த இருக்கையில் அமர்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

சமப் பிரிவினைக்கு அமெரிக்க செனட்டை விடத் தெளிவான சான்று இல்லை. சிறிய மாநிலங்களை உடன்படவைக்க 1787இல் செய்த சமரசத்தின்படி மாநிலத்துக்கு இருவர். 2020 கணக்கெடுப்பின்படி கலிபோர்னியாவில் ஏறத்தாழ 3.95 கோடி பேர், வயோமிங்கில் 5.8 லட்சம் பேர்கூட இல்லை. இரண்டுக்கும் அதே இரண்டு இடங்கள். இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. 1913 வரை மாநிலச் சட்டமன்றங்களே செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தன. 17ஆவது திருத்தம் அந்த உரிமையை வாக்காளர்களிடம் தந்தது. அதன்பின் மாநில அரசுக்கு செனட்டர் மீது பிடி இல்லை. ஆனாலும் அந்த அவைக்கு அதிகாரம் மிக அதிகம்: உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனம்கூட அதன் ஒப்புதலின்றி நிறைவேறாது.

ஜெர்மனியின் மேலவையான பூண்டஸ்ராட் வேறு வகை. அதற்குத் தேர்தலே கிடையாது. 16 மாநில அரசுகளின் முதல்வர்களும் அமைச்சர்களுமே உறுப்பினர்கள். மக்கள்தொகைக்கு ஏற்ப ஒரு மாநிலத்துக்கு 3 முதல் 6 வாக்குகள், மொத்தம் 69. சுமார் 1.8 கோடிப் பேர் வாழும் நார்த் ரைன்-வெஸ்ட்பாலியாவுக்கு 6. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் வாழும் பிரேமனுக்கு 3. சிறியவர் நசுங்குவதில்லை, பெரியவர் கரைந்துபோவதும் இல்லை. ஒரு மாநிலத்தின் வாக்குகள் அனைத்தும் ஒரே திசையில் விழ வேண்டும். 2002இல் குடியேற்றச் சட்டத்தின் மீது பிராண்டன்பர்க் மாநில அமைச்சர்கள் இருவர் எதிரெதிராக வாக்களித்தனர். அதை ஆதரவாகக் கணக்கிட்டது செல்லாது என்று அரசமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. மாநிலங்களின் நிதியையும் நிர்வாகத்தையும் தொடும் பல சட்டங்கள் இந்த அவை சம்மதிக்காமல் நிறைவேறாது. குறையும் உண்டு. கூட்டணி ஆட்சி நடக்கும் மாநிலம் உள்ளுக்குள் ஒத்துப்போகாவிட்டால் வாக்களிக்காமல் ஒதுங்கும். பெரும்பான்மைக்கு 35 வாக்குகள் வேண்டும் என்பதால் ஒதுங்குவதும் எதிர்ப்பதும் ஒன்றுதான்.

இந்தியா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சட்டமன்ற உறுப்பினர்கள் விகிதாசார முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். அதோடு மாநிலத்தின் பங்கு முடிந்துவிடுகிறது. வென்றவர், எந்தப் பக்கம் வாக்களிக்க வேண்டும் என்று உத்தரவிடும் கட்சிக் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர். அந்த மாநிலத்தில் வாக்காளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 2003இல் நீக்கினார்கள். 2006இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. பண மசோதாவை இந்த அவை 14 நாட்களுக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது. சாதாரண மசோதாவில் மோதல் வந்தால் கூட்டுக் கூட்டத்தில் மக்களவையின் எண்ணிக்கையே வெல்லும். 1961, 1978, 2002 என மூன்று முறை அப்படி நடந்தது. அரசமைப்புத் திருத்தங்களில் மட்டும் இந்த அவையைத் தாண்டிச் செல்ல வழியில்லை. 1970இல், முன்னாள் மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மானியத்தை ஒழிக்கும் திருத்தம் ஒரு வாக்குக்கும் குறைவான வித்தியாசத்தில் இங்கேதான் தோற்றது.

மக்கள்தொகைப்படி மக்களவைத் தொகுதிகளை மறுசீரமைத்தால் தென் மாநிலங்கள் இழக்கக்கூடிய பங்குக்கு ஈடாக மாநிலங்களவையில் சம இடம் தரலாம் என்ற யோசனை எழுவதுண்டு. கொறடா இருக்கும்வரை அதனால் பயன் சொற்பம். எண்ணிக்கை கூடினாலும், தேசியக் கட்சியின் உறுப்பினர் டெல்லித் தலைமை சொல்லும் பக்கமே வாக்களிப்பார். இந்த மூன்றில் பெர்லின் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. மாநில அரசுகளே நேரில் அமரும் ஏற்பாடு நமக்கும் அந்நியமல்ல. சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தில் மாநில அமைச்சர்கள் அமர்ந்து வாக்கு உரிமையோடு பேசுகிறார்கள். மாநிலங்களவையை முழுதாக அப்படி மாற்றுவது எளிதல்ல. 2003 திருத்தத்தைத் திரும்பப் பெறுவதும், மாநில அதிகாரத்தைத் தொடும் மசோதாக்களில் கொறடா உத்தரவை விலக்குவதும் இப்போதே தொடங்கக்கூடியவை.